ஆளில்லாக் கப்பலில் அடுப்பு மூட்டியவன்

இப்போது கைவிடப்பட்ட கப்பல்களைக் கமராக்கள் பார்த்துக்கொள்கின்றன. ஒன்று முன்னால், ஒன்று பின்னால், ஒன்று கப்பலின் அடிவயிற்றில். உள்ளே தண்ணீர் ஏறினால் அலுவலகத்தில் இருக்கும் கணினிக்குச் செய்தி போய்விடும். நல்ல ஏற்பாடு. கமரா சாப்பாடு கேட்காது, லீவு கேட்காது, மனைவியோடு வாக்குவாதப்பட்டுவிட்டு வேலைக்குப் பிந்தி வராது. இந்த மூன்றையும் நான் ஒழுங்காகச் செய்துவந்தவன். அதனால்தானோ என்னவோ, ஓய்வு பெற்ற அன்று என்னை வழியனுப்பியவர்களின் முகத்தில் பெரிய துக்கம் எதையும் நான் காணவில்லை.

அந்தக் கணினிக்கு முன்னால் இருப்பவள் எங்கள் பிள்ளை ஒருத்தி. இத்தாலியில், சிசிலித் தீவின் பலெர்மோவில் பிறந்து வளர்ந்தவள். கமரா இல்லாத காலத்தில் கப்பலில் இருந்து என்ன செய்தீர்கள் மாமா என்று கேட்டாள். சமைத்தேன் என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் கணினியே ஆடியது. பிறகு இங்குள்ள தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி கேட்டார்கள். வழக்கமாக எல்லாரும் வந்த வழியையும் பட்ட கஷ்டத்தையும் எழுதுவார்கள். நான் சமைத்ததைப் பற்றியே எழுதுவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

நான் முல்லைத்தீவுப் பக்கத்து ஆள். கடல் தெரியும், கப்பல் தெரியாது. பலெர்மோவுக்கு வந்த புதிதில் சிஞ்ஞோரா என்று நாங்கள் கூப்பிட்ட ஓர் இத்தாலிய அம்மாவின் வீட்டில் தரை துடைத்தேன், பல்லரோ சந்தையில் மீன்பெட்டி சுமந்தேன், கல்யாண மண்டபம் ஒன்றில் கோப்பை கழுவினேன். இங்கே எல்லாருடைய கதையும் இதுதான் என்பதால் அதை இந்த ஒரு வரியோடு விட்டுவிடுகிறேன். சிஞ்ஞோராவின் மைத்துனர் தானோ துறைமுகத்தில் காவல் வேலைக்கு ஆள் எடுப்பவராக இருந்தார். என்னைக் கூப்பிட்டு, தனிமை பயமா என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். எட்டுப் பேர் ஒரு அறையில் படுத்து எழும்பிய காலம் அது. தனிமை கிடைத்தால் பெரிய உபகாரம் என்று சொல்லி வேலையை வாங்கிக்கொண்டேன்.

கைவிடப்பட்ட கப்பல் என்றதும் பலர் பேய்களை நினைக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. கப்பலுக்கு வயது போய்விடும். திருத்துகிற செலவு கப்பலின் விலையைத் தாண்டிவிடும். முதலாளி தொலைபேசி எடுப்பதை நிறுத்திவிடுவார். அவ்வளவுதான் விஷயம். கொடி ஒரு நாட்டுடையது, முதலாளி வேறொரு நாட்டில், மாலுமிகள் நாலைந்து நாட்டுக்காரர், கப்பல் மட்டும் பலெர்மோவில். மாலுமிகள் ஒவ்வொருவராக ஊருக்குப் போன பிறகு, அந்த இரும்பு தாழாமல், எரியாமல், வடம் அறுந்து போய் அடுத்த கப்பலில் மோதாமல் யாராவது பார்க்க வேண்டும். அந்த யாராவதுதான் நான்.

தானோ கட்டையான மனிதர். வேலை உடுப்புக்குள்ளே எப்போதும் அயன் பண்ணிய வெள்ளைச் சேட்டு போட்டிருப்பார். சாமி, கோயில், பாதிரி எதுவும் அவருக்கு ஆகாது. பலெர்மோவில் பிறந்துவிட்டு ஊரின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவை நம்பாமல் இருப்பது நல்லூரில் பிறந்துவிட்டு முருகனை நம்பாமல் இருப்பது மாதிரி. ஆனாலும் அவர் அப்படித்தான் இருந்தார். அவர் பேசியது சிசிலி கலந்த இத்தாலியன். என் காதுக்குள் அது வன்னித் தமிழாகத்தான் விழுந்தது, அப்படியே எழுதுகிறேன். "அவளின்ரை வேலையிலை நான் தலையிடுறேல்லை, என்ரை வேலையிலை அவள் தலையிடக் கூடாது" என்பார்.

ரொசாலியாவுக்குக் கொடுக்காத மரியாதையை எல்லாம் சேர்த்துக் கப்பலுக்குக் கொடுப்பார். ஏணியில் கால் வைக்க முன்னம் தொப்பியைக் கழற்றி "பெர்மெசோ?" என்று சத்தமாகக் கேட்பார். இத்தாலியர் அடுத்தவர் வீட்டுக்குள் நுழைய முன்னம் கேட்கிற வார்த்தை. எங்களுக்கோ அது வதிவிட அனுமதியின் பெயர். அதைக் கொடுக்கும் குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலக வாசலில் வரிசையில் நின்றவன் எவனும் அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கமாட்டான். முதல் நாள் அவர் அப்படிக் கேட்டதும் என் கை தானாகச் சட்டைப்பைக்குள் போய் அட்டையைத் தேடியது. ஆளில்லாத கப்பலிடம் எதற்கு அனுமதி கேட்கிறீர்கள் என்று பிறகு கேட்டேன். ஆளில்லை என்று யார் சொன்னது, நீ இருக்கிறாயே என்றார்.

வேலை எப்போதும் கப்பலின் மூக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஒவ்வொரு சரக்கறைக்கும் மேல்தட்டிலிருந்து அடிவரை போகும் ஒரு குழாய் உண்டு. அதன் மூடியைத் திறந்து, நுனியில் பித்தளைக் குண்டு கட்டிய கயிற்றை இறக்குவோம். இறக்க முன்னம் கயிற்றைத் துணியால் துடைத்து, கடைசி முழத்துக்குச் சோக்குப் பூச வேண்டும். மேலே எடுத்தால் சோக்கு எதுவரை நனைந்திருக்கிறதோ அதுவரை அடியில் தண்ணீர். சோம்பலில் ஒரு நாள், நேற்று இருந்த மாதிரியே இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். தானோ கோபப்படவில்லை. கயிற்றை என் கையில் தந்துவிட்டு, நேற்று நீ சாப்பிட்டாயா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். அப்படியென்றால் இன்று சாப்பிட வேண்டாம் என்றார். நான் கயிற்றை இறக்கினேன்.

வடங்களைக் கண்ணால் பார்த்தால் அவருக்குப் போதாது. உள்ளங்கையை வைத்து, காய்ச்சல்காரனைப் பார்க்கிற மாதிரிக் கொஞ்ச நேரம் நிற்பார். கரையில் உரசும் இடங்களுக்குப் பழைய தீயணைப்புக் குழாயை வெட்டிச் சுற்றுவோம். பொழுதுபட விளக்கு ஏற்ற வேண்டும். மூடிக் கிடந்த சரக்கறையைத் திறந்தவுடன் உள்ளே இறங்கக் கூடாது. துரு உள்ளே இருக்கும் நல்ல காற்றைத் தின்றுவிடும், இறங்கியவன் ஏறமாட்டான். இதைச் சொல்லும்போது மட்டும் தானோ பகிடி விடமாட்டார். அவருடைய தம்பி ஒரு கப்பலில் அப்படி இறங்கிச் செத்துப்போனவர் என்று மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். ரொசாலியாவோடு அவர் கோபித்துக்கொண்டதும் அந்த நாளில்தானாம்.

எல்லாவற்றுக்கும் கடைசியாகக் குசினி. ஒரு நாளில் ஒரு முறையாவது குசினியில் அடுப்பு எரிய வேண்டும் என்பது அவருடைய சட்டம். செம்பு, பித்தளை திருட வருகிறவன் இருட்டுக்கும் பயப்படமாட்டான், நாய்க்கும் பயப்படமாட்டான், சமையல் வாசம் வருகிற கப்பலில் மட்டும் ஏறமாட்டான் என்பார். எனக்கு முன்னால் இருந்த காவலாளி பாஸ்தா அவித்தவராம். பாஸ்தாவில் என்ன வாசம் இருக்கிறது? நான் முதல் நாள் செத்தல் மிளகாய் தாளித்தபோது பக்கத்துக் கப்பலில் இரண்டு பேர் இருமியதைக் கேட்டு தானோவுக்குப் பெரிய சந்தோஷம். அன்றிலிருந்து மேற்பார்வைக்கு அவர் சரியாகச் சாப்பாட்டு நேரத்துக்கு வரத் தொடங்கினார். இது என்ன உறைப்பு, மனிதன் தின்பதா என்று திட்டிக்கொண்டே சட்டியைப் பாணால் துடைத்துச் சாப்பிடுவார்.

வாசத்தை நான் ஒருமுறை கொஞ்சம் கூட்டிவிட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை, செத்துக் கிடக்கும் கப்பலாச்சே, ஏதாவது நல்லது செய்வோம் என்று ஒரு சட்டியில் தணல் போட்டுச் சாம்பிராணி பிடித்தேன். சன்னலால் கிளம்பிய புகையைப் பார்த்துத் தீயணைப்புப் படகு வந்துவிட்டது. அவர்கள் தண்ணீர்க் குழாயை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள், நான் தேவாரம் பாதியில் நிற்கிறேன். தானோ ஓடிவந்தார். இது கிருமி நீக்கும் வேலை, நான்தான் செய்யச் சொன்னேன் என்று முகம் மாறாமல் சொன்னார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் கிருமி நீக்கினேன். எலி குறைந்துவிட்டது என்று தானோ பலரிடம் சொல்லித் திரிந்தார். எலியைக் கேட்டால்தான் உண்மை தெரியும்.

இனி சேவியரின் கப்பலுக்கு வருகிறேன். பகேரியாவுக்கும் அப்பால், ரயிலில் போய், பஸ்ஸில் போய், அதற்குப் பிறகு மண்பாதையில் நடந்து போக வேண்டிய ஒரு குடா. அங்கே கைவிடப்பட்ட தொன்னாரா ஒன்று நிற்கிறது. ஆள் உயரச் சூரைமீன்களை வலையில் அடைத்துப் பிடித்து, அவித்து, எண்ணெய் விட்டுப் பேணியில் அடைத்த இடம். மீன் வருவது நின்றதும் ஆட்களும் வராமல் விட்டுவிட்டார்கள். கூரை போய், புகைபோக்கி மட்டும் உயரமாக நிற்கும். முற்றத்தில், வலைகளைக் கடலடியில் பிடித்து வைத்திருந்த நங்கூரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் துருப்பிடித்துக் கிடக்கும். துறைமுகத்தில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த ஒரு சரக்குக் கப்பலை இழுத்துவந்து அந்த இறங்குதுறையில் கட்டினார்கள். கைவிடப்பட்ட இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாக இருக்கட்டும் என்று அதிகாரிகள் நினைத்திருக்கலாம்.

நான் ஏணியில் நின்று பெர்மெசோ கேட்டேன். உள்ளே இருந்து "யாரு?" என்று தமிழில் பதில் வந்தது. பேய்கள் பற்றி மேலே நான் எழுதியதை அந்த ஒரு நிமிடத்துக்கு மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். வெளியே வந்தவர் தூத்துக்குடிக்காரர். பெயர் சேவியர். முப்பது வயது இருக்கும். கப்பலின் போசன், அதாவது மேல்தட்டு வேலையாட்களுக்குத் தலைவர். மற்ற எல்லாரும் போன பிறகு கடைசியாக நின்றவர் அவர்தான் என்பதால், கப்பல் விற்கப்படும்வரை அதற்குப் பொறுப்பு என்று நீதிமன்றம் அவர் பெயரைப் போட்டுவிட்டது. நான் சம்பளத்துக்குக் காவல் இருப்பவன், வேலை முடிந்தால் வீட்டுக்குப் போவேன். அவர் சட்டப்படி பொறுப்பாளி, முற்றத்துக் குழாயில் தண்ணீர் பிடிப்பதற்கு மேல் எங்கும் போக முடியாது. இன்னொருவர் அந்தப் பொறுப்பை ஏற்றால் அவரை விடலாம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். துருப்பிடித்த கப்பலை யார் தன் தலையில் தூக்கி வைத்துக்கொள்வார்?

ஒரு வருடத்துக்கு மேலாக அப்படி இருந்தார். அவர் கப்பல் ஏறிய பிறகு பிறந்த பெண் குழந்தை ஊரில் நடக்கத் தொடங்கிவிட்டது. அப்பா என்றால் போன் என்று அது நினைத்துக்கொண்டதாம். சும்மா மேசையில் கிடக்கும் போனுக்கும் சோறு ஊட்டப் போகுமாம். இதைச் சேவியர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

சேவியரைக் கண்டதில் எனக்கு ஒரு நட்டமும் உண்டு. அவர் என்னைவிட நன்றாகச் சமைப்பார். தானோ அவருடைய மீன்குழம்பை ஒரு வாய் வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையிலேயே என் பதவி போய்விட்டது. நான் வெங்காயம் உரிக்கிறவனானேன். ஆம் என்பதற்கு நான் ஓம் என்று சொல்லும்போதெல்லாம் பூசை ஆரம்பிச்சாச்சா அண்ணாச்சி என்று சேவியர் கேட்பார். வாரம் ஒரு தரம் வந்த தானோ இரண்டு தரம் வரத் தொடங்கினார். ஒவ்வொரு மாதமும் அந்த வெள்ளைச் சேட்டோடு நீதிமன்றத்துக்குப் போய், அந்தப் பொடியனை எப்போது விடப் போகிறீர்கள் என்று கேட்டுவிட்டு வருவார். அது அவருடைய வேலையே இல்லை.

என் மனைவி பவளம் சேவியரை ஒருமுறைதான் கண்டிருந்தாள். ஆனாலும் கிழமைக்கு ஒரு நாள் பொதி கட்டிக் கொடுத்துவிடுவாள். பவளத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சைவக்காரி, வீட்டில் பிள்ளையார் இருக்கிறார். ஆனால் பலெர்மோவில் எங்கள் சனத்துக்கு என்ன வந்தாலும், பெர்மெசோ பிந்தினாலும் பிள்ளைப்பேறு பிந்தினாலும், ஞாயிற்றுக்கிழமை மொந்தே பெல்லெக்ரீனோ மலை ஏறி, அங்கே கோயில் கொண்ட ரொசாலியா அம்மாவிடம் முறையிடுவதுதான் வழக்கம். சைவம், கிறிஸ்தவம் என்ற பேச்சே அங்கே இல்லை. அந்தந்த ஊருக்கு அந்தந்த அதிகாரி என்பது பவளத்தின் கொள்கை.

மாரி காலத்தில் ஒரு மத்தியானம் வடமேற்குக் காற்று எழும்பியது. குடாவுக்குள் அலை புகுந்து கப்பலைத் தூக்கித் தூக்கி இறங்குதுறையில் இடித்தது. தானோவும் வந்துவிட்டார். மூவரும் மேலதிக வடம் போட்டுக்கொண்டிருந்தோம். முன்வடத்தில் தானோ உள்ளங்கையை வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை, ஏதோ கேட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி நின்றார். சேவியர் ஓடிவந்து தோளால் அவரை இடித்து விழுத்தினார். அதே நேரம் வடம் அறுந்தது. அறுந்த நுனி தானோ நின்ற இடத்தைக் கடந்து போய்ச் சேவியரின் கணுக்காலில் அடித்தது. இரண்டாவது வடம் தாங்கியது, கப்பல் நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் தானோ அந்தக் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். "மடையன், மடையன்" என்பதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளைச் சேட்டில் இரத்தம் ஊறியிருந்தது.

அந்தக் காற்று செய்த ஒரே நன்மை, கப்பலை இனி அங்கே வைத்திருக்க முடியாது என்று அதிகாரிகளுக்குப் புரிந்ததுதான். உடைப்பதற்கு வாங்க ஒருவர் முன்வந்தார். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வாங்கியவரின் ஆள் வந்து பொறுப்பை ஏற்பார், அந்த நிமிடத்திலிருந்து சேவியர் போகலாம் என்று செய்தி வந்தது. அன்றே விமானம் ஏறிவிட வேண்டும், அடுத்த நாள்வரை நின்றால் யாராவது இன்னொரு கேள்வியோடு வருவார்கள் என்று வக்கீல் கண்டிப்பாகச் சொன்னார். மாலுமிகளுக்கு உதவும் தொண்டர்கள் மாலை விமானத்துக்குச் சீட்டு வாங்கி, விமான நிலையம் போக ஒரு வான் வண்டியும் அனுப்பினார்கள்.

மத்தியானம் பொறுப்பு கைமாறியது. சேவியர் காலில் கட்டோடு, தடி ஊன்றி, ஏணியால் இறங்கி வந்தார். கரையில் பவளம் புட்டுப்பொதியோடு நின்றாள். பொதியைக் கொடுத்துவிட்டுப் போவாள் என்று பார்த்தேன். போகவில்லை.

"நான் ஒரு நேர்த்தி வைச்சனான்" என்றாள். "சேவியர் தம்பி விடுபட்டால், ஊருக்குப் போக முன்னம் வெறுங்காலோடை மலை ஏறுவார் எண்டு."

"ஆரின்ரை காலை வைச்சு நேந்தனீர்?"

"அவரின்ரை காலைத்தான்."

நான் சேவியரின் கட்டைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

"நேர்த்தி வைக்கேக்கை கால் நல்லாத்தானே இருந்தது" என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஏன் முன்னமே சொல்லவில்லை என்று கேட்டேன். நிறைவேற முன்னம் நேர்த்தியை வெளியே சொல்வார்களா என்று என்னையே திருப்பிக் கேட்டாள். நேர்வதென்றால் உன் புருசனின் காலை வைத்து நேர்ந்திருக்கலாமே என்றேன். "உங்கடை காலைப் போன வருசமே மகளின்ரை பரீட்சைக்கு வைச்சிட்டன்" என்றாள். அந்த மலையை நான் எதற்காக ஏறினேன் என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது.

விடு, அடுத்த வருடம் வந்து செய்யட்டும் என்று சொல்லப் பார்த்தேன். சேவியர் குறுக்கே வந்தார். முகத்தில் இருந்த சந்தோஷமெல்லாம் வடிந்துவிட்டது.

"அண்ணாச்சி, நேந்தது நேந்ததுதான். எங்கூட்ல எங்க ஆத்தா கூட எனக்காக இப்படி நேந்திருக்குமான்னு தெரியல. இத செய்யாம போயி, நாளைக்கு எனக்கோ பிள்ளைக்கோ ஒண்ணுன்னா அக்காதான் தாங்க மாட்டாங்க. நான் நொண்டிக்கிட்டே ஏறிடறேன்."

அந்தக் காலோடு அவர் ஏறினால் விமானம் போய்விடும். காலும் போய்விடும். விமானம் போனால் திரும்ப எப்போது, யார் விடுவார்கள்? பவளமும் இப்போது பயந்துவிட்டாள். தான் கட்டிய முடிச்சைத் தன்னாலேயே அவிழ்க்க முடியாமல் நின்றாள். இது எல்லாவற்றுக்கும் நடுவில் தானோ, என்ன பிரச்சினை, என்ன பிரச்சினை என்று கேட்டபடி இருந்தார். இத்தாலியனில் சொன்னேன். சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருந்தது.

தானோ சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. காரில் வாசல்வரை கொண்டுபோய் இறக்கினால் என்ன என்று கேட்டார். பவளம் மறுத்துவிட்டாள், அது கள்ளவேலையாம். நான் ஏறுகிறேன் என்றேன். நான் ஒவ்வொரு ஞாயிறும் வருகிறவன், யாருக்காக வந்தேன் என்று அம்மாவுக்குக் குழம்பிவிடும் என்றாள். தானோ குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார்.

"கப்பலுக்குப் பொறுப்பு நிக்கிற ஆளை மாத்தலாம் எண்டு இண்டைக்கு நீதிமன்றமே ஏத்துக்கொண்டிட்டுது" என்றார். "ரொசாலியா பலெர்மோக்காரி. இந்த ஊர்ச் சட்டம் அவளுக்குத் தெரியாதோ? அவன்ரை காலுக்குப் பதில் என்ரை கால்."

பவளத்துக்கு மொழிபெயர்த்தேன். அவருக்குத்தான் நம்பிக்கை இல்லையே என்றாள். அதையும் தானோவுக்குச் சொன்னேன். இந்தக் கால் இரண்டும் இன்று நிலத்தில் நிற்பது யாரால் என்று அவளிடம் கேள் என்றார். பவளம் அதை ஏற்றுக்கொண்டாள். ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். ஊருக்குப் போக முன்னம் என்றுதான் நேர்ந்தது, ஆகவே சேவியர் விமானத்தில் கால் வைக்க முன்னம் தானோவின் கால் கோயில் படியில் இருக்க வேண்டும்.

எல்லாரும் அந்த வானிலேயே ஏறினோம். மலையடியில் எங்கள் மூவரையும் இறக்கிவிட்டு வான் சேவியரோடு போனது. சேவியர் சன்னலால் தானோவின் கையைப் பிடித்தபடி இருந்தார், வான் நகர்ந்த பிறகுதான் விட்டார்.

பழைய கல்பாதையால் ஏறினோம். பவளம் தன் வீட்டு மாடிப்படி ஏறுகிற மாதிரி முன்னால் போனாள். தானோ வாழ்நாளில் சப்பாத்தில்லாமல் முற்றத்துக்குக்கூட இறங்காதவர். ஒவ்வொரு கல்லுக்கும் தனக்கு நம்பிக்கை இல்லாத புனிதர் ஒருவரின் பெயரைச் சொல்லித் திட்டினார். அத்தனை புனிதர்களை அவருக்குத் தெரியும் என்பதே எனக்குப் புதினம். பாதி வழியில் ஒரு வளைவில் நின்றுவிட்டார். கீழே துறைமுகம் தெரிந்தது.

"என்ரை தம்பியைத் தேடிக்கொண்டிருந்த அண்டைக்கு எங்கடை அம்மா இதாலை ஏறினவ" என்றார். "நான் கீழை காருக்குள்ளை இருந்தனான். ஏறேல்லை."

தண்ணீர்ப் போத்தலை நீட்டினேன். குடித்துவிட்டு, இதற்குள் உறைப்பு போடவில்லையே என்று கேட்டார். பிறகு நடந்தார். குதியில் இரத்தம் கசிந்ததைக் கண்டேன், பவளத்துக்குச் சொல்லவில்லை.

கோயிலுக்குப் போகும் கடைசி ஏற்றம் இன்னும் மிச்சம் இருந்தபோது என் போன் அடித்தது. சேவியர்.

"அண்ணாச்சி, ஏறியாச்சா?"

"கிட்ட வந்திட்டம். ஏன் தம்பி?"

"இங்க எல்லாரும் பிளேனுக்குள்ள போய்ட்டாங்க. நான்தான் பாக்கி. வாசல்ல நிக்கிற இந்தம்மா செருப்பு போடாம உள்ள விட முடியாதுங்கறாங்க."

"செருப்பு எங்கை?"

"கையில இருக்கு. பெரியவர் ஏறி முடிக்காம நான் எப்படி அண்ணாச்சி போடுறது?"

வண்டியில் இருந்து இறங்கியது தொடக்கம், கட்டுப் போட்ட காலோடு, விமான நிலையம் முழுவதும் அவர் வெறுங்காலோடு நின்றிருக்கிறார். எங்களுக்குச் சொல்லாமல். ஏறியாச்சு, போடும் என்று சொல்ல எனக்கு வாய்வரை வந்தது. ஒரு பொய்தான், அவர் வீட்டுக்குப் போய்விடுவார். பவளம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். தானோ என் தோளைப் பிடித்து உலுக்கி, என்ன, என்ன என்றார். சொன்னேன்.

தானோ ஓடினார். அறுபதைத் தாண்டிய, வயிறு முன்னால் தள்ளிய, கடவுள் இல்லை என்கிற மனிதர், வெள்ளைச் சேட்டு வெளியே பறக்க அந்த ஏற்றத்தில் ஓடினார். போனைக் காதில் வைத்துக்கொண்டு நானும் பின்னால் ஓடினேன். நில்லும் தம்பி, நில்லும் தம்பி என்று மூச்சு வாங்கியபடி சொல்லிக்கொண்டே ஓடினேன். மறுபக்கத்தில் ஒரு பெண் இத்தாலியனில் அவரை அவசரப்படுத்துவது கேட்டது. சேவியர் தனக்குத் தெரிந்த ஒரே இத்தாலியனில், "உன் மொமெந்தோ, சிஞ்ஞோரா, உன் மொமெந்தோ" என்று ஒரு நிமிடம் கேட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

தானோ முதல் படியில் ஒரு காலை வைத்தார். பிறகு மற்றக் காலையும் வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். பவளம் அந்த இரண்டு கால்களையும் ஒருதரம் பார்த்தாள். என் கையிலிருந்த போனை வாங்கினாள்.

"ஏறியாச்சு தம்பி. போடுங்கோ."

மறுபக்கத்தில் தடி கீழே விழுந்த சத்தம். யாரோ எடுத்துக் கொடுத்தார்கள் போலிருந்தது. பிறகு சேவியரின் குரல் வந்தது.

"போட்டுட்டேன்க்கா."

அதோடு போன் நின்றுவிட்டது. தானோ படியிலேயே குந்தி இருந்துவிட்டார். என்ன சொன்னான் என்று கேட்டார். செருப்புப் போட்டுவிட்டாராம் என்றேன்.

"அப்ப போறான்" என்றார்.

"ஓம், போறான்."

"வீட்டை போறான்" என்று திரும்பச் சொன்னார். முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு அழத் தொடங்கினார்.